சப்பாத்திக் கட்டையோடு ஓசூர் போன சைக்கிள்

தஞ்சாவூரில் பிறந்தவர்கள், பிழைக்க வந்தவர்கள், கோயில் பார்க்க வந்து ஊர் பிடித்துப்போய்த் தங்கிவிட்டவர்கள் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து, 'முடியாது' என்ற சொல்லைக் கேட்டால் அதிகம் சந்தோஷப்படுகிறவர் யார் என்று போட்டி நடத்தினால் முதல் பரிசு பெல் அக்காவுக்குத்தான். இரண்டாம் பரிசுக்கு ஆள் கிடைக்காது. நமக்கெல்லாம் 'முடியாது' என்றால் பேச்சு முடிந்தது. அக்காவுக்கு அப்போதுதான் பேச்சு ஆரம்பம்.

சிஸ்டர்கள் நடத்தும் வேலைக்குப் போகும் பெண்கள் விடுதி ஒன்றில் நான் பெட்டியோடு போய் இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மெஸ்ஸில் தட்டோடு உட்கார்ந்தேன். சாம்பார் வந்தது. தட்டில் ஊற்றியதும் அது சோற்றை விட்டுவிட்டுத் தன் வழியில் ஓடியது. உடனே எனக்குப் பக்கத்தில் 'ட்ரிங் ட்ரிங்' என்று ஒரு சத்தம். சைக்கிள் உள்ளே வந்துவிட்டதோ என்று பதறிக் காலைத் தூக்கிக்கொண்டேன். சைக்கிள் எதுவும் இல்லை. நாற்பதை நெருங்கிய ஓர் அக்கா, கையில் ஒரு சைக்கிள் பெல்லை வைத்து நிதானமாக அடித்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர்! சாம்பாருக்கு வழி விடச் சொல்லி அடிச்சேன். ரொம்ப வேகமா வருது."

"வாய மூடிட்டு சாப்பிடு பெல்லு!" என்று சமையல்கட்டிலிருந்து வார்டன் சிஸ்டரின் குரல் வந்தது. சாம்பார் மறுநாள் கொஞ்சம் கெட்டியாகவும் வந்தது.

தெருவில் நிறுத்தும் சைக்கிளில் பெல்லைத் திருகிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்பதால், எங்கே நிறுத்தினாலும் அக்கா பெல்லைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்வார். பையில் இருக்கிற பொருளை உபயோகிக்காமல் இருக்க முடியுமா? ரேஷன் கடையில் யாராவது வரிசையில் குறுக்கே புகுந்தால் பெல். பஸ்ஸில் படிக்கட்டை அடைத்துக்கொண்டு நிற்பவர் காதருகே பெல். சர்ச்சில் போதகர் ஐயர் பிரசங்கத்தை நீட்டிக்கொண்டே போன ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் பெல் ஒலித்ததாகச் சொல்வார்கள். அக்காவைக் கேட்டால், "தவறி விரல் பட்டுச்சுடி" என்பார். அப்படித் தவறிப் படுகிற விரல் இல்லை அது.

அக்காவுக்குச் சொந்த ஊர் குத்தாலம் பக்கம். லுத்தரன் குடும்பம். வயலும் உண்டு, வாத்தியார் வேலையும் உண்டு. அக்கா ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். மேல் வரி தெரியுதா, கீழ் வரி தெரியுதா என்று நாள் முழுக்க மற்றவர்களைக் கேட்டுக்கேட்டு, உலகத்தில் பாதிப் பேருக்குப் பார்வை சரியில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார். மீதிப் பாதியை அவர் இன்னும் பரிசோதிக்கவில்லை.

போன வருஷம் அந்தக் கடை ஓசூரில் ஒரு கிளை திறந்தது. அக்காவை அங்கே போகச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் கடை திறக்கும்போது அங்கே இருக்க வேண்டும். அக்கா சரி என்றார். அவருடைய பச்சை நிற லேடீஸ் சைக்கிளும் கூட வரும் என்றார். அங்கேதான் ஆரம்பித்தது.

குத்தாலத்திலிருந்து அண்ணன் புறப்பட்டு வந்தார். விடுதி வாசலில் நின்றபடியே பஞ்சாயத்து.

"பழைய சைக்கிள யாராவது ஓசூருக்குத் தூக்கிட்டுப் போவாங்களா? வித்துடு. அங்க உனக்கு ஸ்கூட்டி வாங்கித் தரேன்."

"நீங்க வாங்கிக் கொடுத்தா அது உங்க வண்டிண்ணே. இது என் வண்டி."

"ஊரு சிரிக்கும்."

"ஓசூர்ல என்னை யாருக்கும் தெரியாது. சிரிச்சாலும் நீங்கதான் சிரிக்கணும்."

அண்ணன் போன பிறகு, ஏன் அக்கா இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டேன். அக்கா சைக்கிள் சீட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எங்கப்பா அண்ணனுங்க எல்லாருக்கும் சைக்கிள் வாங்கிக் கொடுத்தாரு. எனக்குத் தையல் மிஷின் வாங்கிக் கொடுத்தாரு. ரெண்டையும் மிதிக்கத்தான் வேணும். ஆனா மிஷின எவ்வளவு மிதிச்சாலும் வீட்ட விட்டு நகராதுடி."

அந்த நிமிடத்திலிருந்து நானும் அந்தக் கட்சி.

ரயில் பார்சலில் போடலாமே என்றேன். அவ்வளவுதான். "நான் ஒரு வண்டியில, அது ஒரு வண்டியிலயா? கைப்பிள்ளைய அப்படி அனுப்புவியா?" என்றார். நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். ஓசூர் வழியாகப் பெங்களூர் போகும் பகல் பஸ்ஸின் கண்டக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். சைக்கிள் என்ற சொல்லைக் கேட்டதுமே டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"முடியாதும்மா."

அக்காவின் முகம் மலர்ந்தது. "ஏன் முடியாதுங்க?"

"பெடல் நீட்டிக்கிட்டு நிக்கும். அடுத்தவங்க சூட்கேஸைக் குத்தும்."

"சரி. அப்புறம்?"

"செயின் கிரீஸு. துணிமணியெல்லாம் நாசமாயிடும். ஹேண்டில்பாரு டிக்கிய அடைச்சுக்கும். பள்ளத்துல ஏறி இறங்குனா உங்க சைக்கிளே கோணிக்கும், அதுக்கும் எங்களத்தான் சண்டைக்கு இழுப்பீங்க."

"இவ்வளவுதானா?" என்றார் அக்கா. கண்டக்டர் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்தார். இல்லை. வேண்டாம் என்பதற்கு ஒரு மனிதர் சொன்ன காரணங்களை, வேலைத் திட்டமாக எடுத்துக்கொண்டு திரும்பி வந்தவர் அக்கா ஒருவர்தான்.

சைக்கிளை எப்படிக் கட்டுவது என்பதில் நான் நிபுணர். ஒரு பகல் முழுக்க வீடியோ பார்த்திருந்தேன். வீடியோவில் எல்லோரும் பெரிய அட்டைப் பெட்டி, நுரைக் குழாய், காற்றுக் குமிழ் பிளாஸ்டிக் என்று சிரித்துக்கொண்டே கட்டினார்கள். நாங்கள் சைக்கிள் கடை கடையாகப் போய்ப் பெட்டி கேட்டோம். எல்லாப் பெட்டியையும் பழைய பேப்பர்காரர் எடுத்துக்கொண்டு போயிருந்தார். அக்கா கடை வாசலில் நின்று தெருவைப் பார்த்தார். அறுவடை முடிந்த சமயம். திருவையாற்றுப் பக்கமிருந்து வைக்கோல் உருளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் எங்களைத் தாண்டிப் போனது.

'ட்ரிங் ட்ரிங்.' டிராக்டர் நின்றுவிட்டது.

அன்று விடுதி முற்றத்தில் ஒரு வைக்கோல் உருளை வந்து இறங்கியது. சிஸ்டர் வராந்தாவில் இடுப்பில் கை வைத்து நின்றார். "இது லேடீஸ் ஹாஸ்டலா, மாட்டுக் கொட்டாயா?"

"நீங்கதானே சிஸ்டர், குழந்தை இயேசுவ வைக்கோல்ல படுக்க வச்சிருக்காங்கன்னு ஒவ்வொரு டிசம்பரும் குடில் கட்டுறீங்க. என் சைக்கிள் மட்டும் படுக்கக் கூடாதா?"

சிஸ்டர் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

முதலில் பெடல்களைக் கழற்றினோம். வலது பெடல் நல்ல பிள்ளையாக வந்தது. இடது பெடல் அசையவில்லை. நான் ஸ்பேனரில் தொங்கினேன். அக்கா என்னைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். கடைசியில்தான் வீடியோவில் நான் ஓட்டித் தள்ளிவிட்ட இடம் ஞாபகம் வந்தது: இடது பெடல் எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். அதுவரை நாங்கள் அதை ஜென்மத்துக்கும் கழலாதபடி இறுக்கியிருந்தோம். அக்கா கோபப்படவில்லை. அந்தப் பெடலை மரியாதையோடு பார்த்து, "இது நம்ம ஜாதிடி" என்றார்.

முன்சக்கரத்தைக் கழற்றிச் சட்டத்தின் பக்கவாட்டில் வைத்து, நடுவில் பழைய போர்வையைக் கொடுத்துக் கட்டினோம். டயரில் பாதிக் காற்றை இறக்கினோம். ஹேண்டில்பாரைத் தளர்த்திச் சட்டத்தோடு ஒட்டத் திருப்பினோம். சீட்டை அடிமட்டம் வரை இறக்கினோம். செயினுக்குக் கிழிந்த நைட்டி. இதெல்லாம் சுலபம். சக்கரம் இல்லாத முன் ஃபோர்க்கின் இரண்டு காலும்தான் கவலை. மேலே ஒரு மூட்டை விழுந்தால் போதும், இரண்டும் நெருங்கிவிடும். அப்புறம் சக்கரம் உள்ளே போகாது. நடுவில் முட்டுக் கொடுக்க ஒரு கட்டை வேண்டும். விறகுக் குச்சி வைத்தால் வழுக்கியது. விளக்குமாற்றுக் கம்பு வைத்தால் வளைந்தது.

வராந்தாவிலிருந்து இதையெல்லாம் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டர், உள்ளே போய் மெஸ்ஸின் சப்பாத்திக் கட்டையைக் கொண்டுவந்து முற்றத்தில் 'டக்' என்று வைத்தார். "இத வச்சுத் தொலை. ஆனா திருப்பிக் கொடுத்துடணும், சொல்லிட்டேன்."

அளவெடுத்தது போல் உட்கார்ந்தது.

பிறகு வைக்கோலைப் பிரியாகத் திரித்தோம். பிரி என்றால் வைக்கோல் கயிறு. இந்தக் காலத்து வைக்கோல் அறுவடை மிஷினுக்குள் போய் நொறுங்கி வருவது. திரித்தால் நிற்காது. அக்கா தண்ணீர் தெளித்துத் தெளித்துத் திரிக்க, எனக்கு உடம்பெல்லாம் சுணை பிடுங்கியது. "சொறியாதடி, திரி" என்பதுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு. கட்டி முடித்துக் கை கழுவப் போனோம். திரும்பி வந்தபோது சிஸ்டர்கள் வளர்க்கும் பசு ஹேண்டில்பார் வரைக்கும் சாப்பிட்டு முடித்து, சீட்டை ஆரம்பித்திருந்தது. மறுபடி முதலிலிருந்து திரித்தோம். இந்த முறை வைக்கோலுக்கு மேல் சாக்கு வைத்து, சாக்கு ஊசியால் தைத்தோம். தைத்தவர் அக்கா. தையல் மிஷின் அவருக்குக் கடைசியில் இந்த ஒரு விஷயத்தில் உதவியது.

திங்கட்கிழமை காலையில் அந்தப் பார்சலை லோடு ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனோம். துணைக்கு நானும் ஓசூர் வரை போவதாக ஏற்பாடு. அதே கண்டக்டர் பார்சலைச் சுற்றி நடந்தார். குத்திப் பார்த்தார். தடவிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"ஆளு மாதிரி இருக்கேம்மா" என்றார் கடைசியில், பரிதாபமாக.

"ஆளுன்னா டிக்கெட் போடுங்க. இல்லேன்னா டிக்கியில ஏத்துங்க."

ஏற்றினார். செயின் பக்கம் மேலே இருக்க வேண்டும், மேலே மூட்டை வைக்கக் கூடாது என்று அக்கா டிக்கிக்குள் பாதி உடம்பை விட்டு உத்தரவு போட்டார். வழியில் பஸ் நின்ற இடத்திலெல்லாம் மற்றவர்கள் டீக்கடைக்குப் போனார்கள். அக்கா டிக்கியைப் பார்க்கப் போனார்.

கிருஷ்ணகிரி நெருங்கும் முன் சாலையோரம் போலீஸ் சோதனை. டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். ஒரு சப் இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இந்த பஸ் எங்கேருந்து வருது?"

"தஞ்சாவூருங்க சார்" என்றார் கண்டக்டர்.

"எங்க போவுது?"

"பெங்களூருங்க சார்."

தஞ்சாவூர்ப் பக்கம் ஐம்பொன் சாமி சிலைகளை வைக்கோலில் சுற்றித்தான் வெளியூருக்கு அனுப்புவார்கள். தஞ்சாவூர், வைக்கோல் சுற்று, மனுஷ உயரம், மாநில எல்லை. சப் இன்ஸ்பெக்டர் மனசுக்குள் கூட்டல் போடுவது வெளியே தெரிந்தது. பார்சலை இறக்கச் சொல்லி, சாலையோரம் நிறுத்திவைத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவினார். ஹேண்டில்பார் முனை கையில் பட்டது. "தூக்கின திருவடி" என்றார் மெல்ல. பக்கவாட்டில் வட்டமாகச் சக்கரம் பட்டது. "திருவாசி!" என்று குரல் நடுங்கியது. நடராஜரைச் சுற்றி நெருப்பு வளையம் இருக்குமே, அது. சீட்டைத் தொட்டதும் சட்டென்று கையை எடுத்து, ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கிவிட்டார்கள். "நான் அப்பவே சொன்னேன், ஆளு மாதிரி இருக்குன்னு" என்றார் கண்டக்டர். ஜன்னலோரம் வந்த ஓர் அம்மாள் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்துப் பார்சல் மேல் வைத்துக் கும்பிட்டார். "எந்தக் கோயில்லேருந்து தூக்குனாங்களோ, பாவிங்க."

"சார், அது சாமி இல்லைங்க. சைக்கிளு" என்றார் அக்கா.

"எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றாங்க. போன தடவ ஒருத்தன் தண்ணி மோட்டாருன்னான்."

"நான் லுத்தரன் சார். எனக்கும் சிலைக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்படி ஆளு கையிலதான் கொடுத்து விடுவாங்க. சந்தேகம் வராது பாருங்க."

அக்கா கைப்பையில் கைவிட்டு பெல்லை எடுத்து அடித்தார். 'ட்ரிங் ட்ரிங்.' "இதுதான் சார் ஆதாரம். இந்த சைக்கிளோட பெல்லு."

"பூஜை மணியையும் சேத்து எடுத்துட்டாங்களா!" என்றார் அந்த அம்மாள்.

பிரித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஒரு கான்ஸ்டபிள் கத்தியோடு வந்தார். அக்கா குறுக்கே நின்றார். "அறுக்கக் கூடாது. தையலு தையலா, முடிச்சு முடிச்சா அவிழுங்க. இன்னொண்ணு சார், எல்லார் முன்னாடியும் சொல்றேன். பிரிச்ச கைதான் திரும்பக் கட்டணும். இப்பக் கட்டியிருக்கற மாதிரியே."

"கட்டறேம்மா" என்றார் சப் இன்ஸ்பெக்டர். சிலை இருக்கிறது என்று நம்பியவருக்கு அந்தச் சத்தியம் ஒரு பொருட்டாகவே இல்லை.

சாக்கு விலகியது. வைக்கோல் விலகியது. கூட்டம் நெருங்கி வந்தது. முதலில் தரிசனம் கொடுத்தது சப்பாத்திக் கட்டை.

சப் இன்ஸ்பெக்டர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது என்னம்மா?"

"சப்பாத்திக் கட்டைங்க சார்."

இன்னொரு சுற்று விலகியது. பச்சை பெயின்ட். இன்னொரு சுற்று. கிழிந்த நைட்டிக்குள் செயின். 'ஐயோ, நெசமாவே சைக்கிளு' என்று யாரோ சொல்ல, கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி, காக்கிச் சட்டையைப் பார்த்துப் பாதியில் நின்றது.

"சைக்கிளப் போய் யாராச்சும் சாமி மாதிரி கட்டுவாங்களாம்மா?" சப் இன்ஸ்பெக்டர் அழாத குறை.

"ஏன் சார், சாமிய மட்டும்தான் பத்திரமா கொண்டுபோகணுமா?"

"சரி, போங்க போங்க" என்று அவர் கையை ஆட்டினார். டிரைவர் ஹாரன் அடித்தார். கண்டக்டர் சைக்கிளை அப்படியே தூக்கிப் போட வந்தார். அக்கா வைக்கோல் குவியலின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"கட்டுங்க சார்."

"யம்மா, ஓசூரு பக்கம்தான். அப்படியே போட்டுக்கிட்டுப் போயிடலாம்" என்றார் கண்டக்டர்.

"பெடல் நீட்டும், கிரீஸ் ஒட்டும், சூட்கேஸைக் குத்தும்னு நீங்கதானே சொன்னீங்க? கீறல் இல்லாம கொண்டுபோறேன்னு இந்த சைக்கிளுக்கு வாக்குக் கொடுத்துத்தான் ஏத்தினேன். இத விட்டுட்டு நான் வரமாட்டேன். கட்டாம இதுவும் வராது. வேணும்னா என்னை விட்டுட்டுப் போங்க."

அவர் சும்மா சொல்லவில்லை. காலையில் கடைக்குப் போகாவிட்டால் வேலை என்ன ஆகும் என்று காதில் சொன்னேன். "தெரியும்டி" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது; ஆள் எழுந்திருக்கவில்லை. டிரைவர் இன்ஜினைக் கிளப்பினார். பஸ் மெல்ல நகர்ந்தது. அப்போது மல்லிகை அம்மாள் போய் பஸ்ஸுக்கு முன்னால் நின்றுகொண்டார். "ஏம்ப்பா, கட்டறேன்னு அவர் வாக்குக் கொடுத்தாருல்ல? கட்டட்டும். பூ வேற வச்சுட்டேன்."

இன்ஜின் அணைந்தது.

சப் இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைப் பார்த்தார். கான்ஸ்டபிள் தர்மபுரிக்காரர், வைக்கோலைக் கையில் எடுத்து அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார். "குடுய்யா இங்க" என்று பிடுங்கிய சப் இன்ஸ்பெக்டர், வெறுங்காலோடு தரையில் குந்தினார். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைக்கோல் சரசரவென்று கயிறாகத் திரிந்து வர ஆரம்பித்தது.

அக்கா குனிந்து பார்த்தார். "சாருக்கு எந்த ஊரு?"

"நீடாமங்கலம்." நிமிராமல் சொன்னார். "மிஷின் அறுத்த வைக்கோலும்மா இது. பிரி நிக்காது. தண்ணி கொண்டாங்க."

"அப்பவே நெனச்சேன். வைக்கோல் கட்டப் பாத்ததும் ஷூவக் கழட்டறது நம்ம பக்கத்து ஆளாத்தான் இருக்கும்."

அவர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அங்கே நடந்தது சோதனை இல்லை, நல்ல காரியம். ஒருவர் சாக்கைப் பிடிக்க, ஒருவர் தண்ணீர் தெளிக்க, கண்டக்டர் ஃபோர்க்கில் சப்பாத்திக் கட்டையை அவரே பொருத்தினார். நாங்கள் கட்டியதைவிட இறுக்கமாகவே கட்டினார்கள். கிளம்பும்போது அக்கா சப் இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்: "சார், ஓசூர் பக்கம் வந்தா கடைக்கு வாங்க. கண்ணு பாத்து விடறேன். சைக்கிள் சீட்டு உங்களுக்குச் சாமியாத் தெரியறது நல்லதில்ல." பஸ் நகர்ந்த பிறகு ஜன்னல் வழியே பார்த்தேன். அவர் இன்னும் வெறுங்காலோடுதான் கையாட்டிக்கொண்டிருந்தார்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பிரித்தோம். ஒரு கீறல் இல்லை. சக்கரம் ஃபோர்க்குக்குள் வெண்ணெயாக இறங்கியது. இடது பெடலை அக்கா சரியான பக்கம் திருப்பி மாட்டினார். கடைசியாகக் கைப்பையிலிருந்து பெல். மல்லிகைச் சரத்தை எடுத்து ஹேண்டில்பாரில் சுற்றினார். நான் சப்பாத்திக் கட்டைக்காகக் கையை நீட்டினேன். அக்கா அதைத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"நானே கொண்டாந்து தரேன்னு சிஸ்டர்கிட்ட சொல்லு."

அவ்வளவுதான். ஏறி மிதித்து, ஓசூர்ப் போக்குவரத்துக்கு நடுவே ட்ரிங் ட்ரிங் என்று புகுந்து போனார். ஒரு லாரி ஒதுங்கி வழி விட்டதை என் கண்ணால் பார்த்தேன்.

வருஷம் ஒன்று ஓடிவிட்டது. அக்கா போனில் பேசுவார். அங்கேயும் யாரோ எதற்கோ 'முடியாது' என்று சொல்லிக்கொண்டிருப்பதால் ஊருக்கு வர நேரமில்லையாம். எங்கள் மெஸ்ஸில் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை சப்பாத்தி உண்டு. கண்ணாடி பாட்டிலை உருட்டித் தேய்ப்பதால் ஒவ்வொன்றும் ஒரு ஜில்லா வரைபடம். போன வாரம் எனக்கு வந்தது திருவாரூர் மாதிரி இருந்தது.

"சிஸ்டர், கடைத்தெருவுக்குத்தான் போறேன். புதுசா ஒரு கட்டை வாங்கிட்டு வந்துடவா?" என்று கேட்டேன்.

சிஸ்டர் பாட்டிலை உருட்டுவதை நிறுத்தவில்லை.

"வாங்கிட்டா, அவ எதக் கொடுக்கறதுக்கு வருவா?"